விண்ணை அளந்த வழி – அத்தியாயம் 14: கயிற்றின் இரு முனைகள்

சென்ற மூன்று அத்தியாயங்களில் நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூணையும், கொடைக்கானல் மலைமுகட்டில் சூரியனை நாள் தவறாமல் படமெடுத்து வைத்த பெரியோர்களின் உழைப்பையும், ஜவ்வாது மலைக் காட்டுக்குள் காவலூரில் வைணு பாப்பு நிறுவிய தொலைநோக்கிகளையும் கண்டோம். அதே பரம்பரை தென்னாட்டைக் கடந்து, கங்கையைக் கடந்து, இமயத்தின் பனிச் சிகரங்களையும் கடந்து லடாக்கின் மண்ணில் போய்க் கால் ஊன்றியதும், அவ்வாறு ஊன்றியபின் அங்கே குடியேறாமலே அத்தனை தூரத்திலிருந்து தன் கருவியை ஆளக் கற்றுக்கொண்டதும் இந்த அத்தியாயத்தின் பொருள்.

நான் இதனை எழுதுவது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருப்பனந்தாளில் இருந்து. வான சாஸ்திரத்துக்கும் இவ்வூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, தூரத்திலிருந்து ஒன்றை நடத்துவது என்னும் வித்தையின் தத்துவத்தை எனக்குக் கற்பித்தது இவ்வூர்தான் என்பதே என் விடை. அதனைச் சொல்லிவிட்டு மேலே செல்வது, இந்த அத்தியாயத்துக்குப் பாயிரம்போல் அமையும் என்று நம்புகிறேன்.

தாடகையீச்சரம் என்று பெயர் வழங்கும் இவ்வூர்க் கோயிலின் வரலாறு தமிழன்பர்கள் அறிந்ததே. தாடகை என்னும் அடியவள் மாலை சாத்த முற்பட்டபோது ஆடை நெகிழ, இரு கைகளிலும் மாலையைத் தாங்கியபடியே முழங்கைகளால் ஆடையை இடுக்கிக்கொண்டு அவள் தவித்து நின்றாள். அவளுக்கு இரங்கிய இறைவன் தன் திருமுடியைச் சாய்த்து மாலையை ஏற்றான். அன்று சாய்ந்த திருமேனி சாய்ந்தபடியே நின்றது. சோழ மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தும் அது நிமிரவில்லை. கடவூரிலிருந்து வந்த குங்கிலியக் கலயர், கயிற்றின் ஒரு முனையைத் திருமேனியிலும் மறு முனையைத் தம் கழுத்திலும் கட்டிக்கொண்டு இழுத்தபோது அது நேர்நின்றது என்று பெரியபுராணம் கூறுகிறது. சிறுவயதில் இதனைக் கேட்டபோது கயிற்றின் ஒரு முனையில் இருந்த தெய்வத்தை மட்டுமே எண்ணினேன்; மறு முனையில் ஒரு மனிதனின் கழுத்து இருந்தது என்பதன் பொருள் வயது ஏறிய பிறகே விளங்கியது.

இரண்டாவது பாடம் இங்குள்ள காசி மடம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் காசிக்குச் சென்று அங்கே ஒரு மடத்தை நிறுவினார். அவருடைய பரம்பரையில் வந்தோர் பிற்காலத்தில் திருப்பனந்தாளைத் தலைமை இடமாகக் கொண்டபின், கங்கைக் கரையின் கேதார கட்டத்தில் நடக்கும் பூசைகளும் அறங்களும் காவிரிக் கரையிலிருந்து செல்லும் ஆணையின் வழியே நடைபெறலாயின. தபாலும் தந்தியும் இல்லாத காலத்தில், கால்நடையாக மாதக்கணக்கில் செல்லவேண்டிய தூரத்தில், விளக்கு வேளை தவறாமல் ஏறிற்று என்றால், அங்கே இருந்தவர்மேல் இங்கே இருந்தவர் வைத்த நம்பிக்கையே அதற்குக் காரணம்.

மூன்றாவது பாடம் வயலுடையது. மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட காலந்தொட்டு, அங்கே கதவைத் தூக்குகிறவர் எங்கள் வயலைக் கண்ணால் காண்பதில்லை. எங்கள் ஊர் உழவரும் அவரைக் காண்பதில்லை. கல்லணையிலும், 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய அணைக்கரையிலும், அதற்குக் கீழே எண்ணற்ற மதகுகளிலும் நீர்மட்டம் இவ்வளவு என்று அளந்து மேலே சொல்லுகிறவரும், மேலிருந்து வரும் உத்தரவுக்கேற்பக் கதவை ஏற்றி இறக்குகிறவரும் இருப்பதனால் கடைமடை வரை தண்ணீர் போகிறது. அந்த ஊழியரை நாங்கள் லஸ்கர் என்போம். உத்தரவு கீழே போவது பாதி வேலை. அளவு திரும்பி மேலே வருவது மறு பாதி. இரண்டாவது பாதி இல்லாவிட்டால் மேலே இருப்பவர் குருடர்.

ஆணை செல்ல ஒரு வழி, செய்தி திரும்ப ஒரு வழி, அங்கே நிற்க நம்பிக்கையான ஓர் ஆள்: தூரத்திலிருந்து நடத்தும் எந்தக் காரியத்துக்கும் இம்மூன்றும் வேண்டும். இனி வான சாஸ்திரத்துக்கு வருவோம்.

*

வில்லியம் பெட்ரி என்ற கும்பினி அதிகாரி 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வைத்த சிறு வானாய்வு நிலையம், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அரசு நிலையமாக உருப்பெற்றதை முன்பே விவரித்தேன். அங்கே நடப்பட்ட பத்து டன் எடையும் பதினெட்டு அடி உயரமும் உள்ள கருங்கல் தூணும், அதில் தமிழிலும் பொறிக்கப்பட்ட சாசனமும் இன்றும் இருக்கின்றன. அன்று சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றை இங்கே சேர்க்க விரும்புகிறேன். ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து நேரத்தை நிர்ணயித்தபின், வானாய்வு நிலையத்துக் கடிகாரத்தோடு பீரங்கி ஒன்று இணைக்கப்பட்டு, நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு அது முழங்கியது. பிற்காலத்தில் ரயில்வேக்கள் பெருகியபோது, சென்னை நேரமே தந்திக் கம்பியின் வழியாக இந்தியாவின் பல பாகங்களிலும் உள்ள நிலையங்களுக்குச் சென்று அங்கிருந்த கடிகாரங்களைத் திருத்தியது.

நட்சத்திரம் உச்சி கடக்கும் கணத்தைக் கண்ணால் பார்த்து ஒருவர் குறித்த குறிப்பு, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு முள்ளை நகர்த்திற்று என்பது சாமானியமான செய்தி அன்று. ஆயினும் அது ஒருவழிப் பாதை. நுங்கம்பாக்கம் சொல்லிற்று, ரயில் நிலையங்கள் கேட்டுக்கொண்டன. வானத்தைப் பார்க்கிற கண்ணும், அதனை இயக்குகிற கையும், விளைவை எண்ணிப் பார்க்கிற அறிவும் ஒரே கூரையின் கீழ் ஒரே மனிதனிடம் இருந்தே ஆகவேண்டும் என்ற நிலைமை மாறவில்லை. 1867-இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தபோதும், 1909-இல் எவர்ஷெட் கொடைக்கானலில் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தபோதும் அப்படித்தான். காவலூரில் 1977 மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த அரிய நிகழ்ச்சியைப் பதிவு செய்தபோதும், வானியலார் கருவியின் அருகிலேயே விழித்திருந்தார்.

அந்த நிலைமையை மாற்றத் தூண்டியது மேகம். கொடைக்கானலையும் காவலூரையும் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் தழுவிச் செல்லும் தமிழ்நாட்டில், எந்த மழை எங்கள் நெல்லுக்கு உயிரோ அதே மழை தொலைநோக்கிக்குத் திரை. அன்றியும், விண்வெளியிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடுகிறது. விண்மீன் பிறக்கும் தூசிப் படலங்களின் உட்புறத்தைக் காட்டவல்லவை அக்கதிர்களே. அவற்றைக் காண வேண்டுமானால் ஈரமும் மேகமும் எட்டாத உயரத்துக்கு, மழை மறந்த நிலத்துக்குப் போகவேண்டும். பெங்களூரில் தலைமை இடம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம், நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய பரம்பரையின் நேர் வாரிசு. அது 1990-களின் முற்பகுதியில் இமயத்தில் தேடித் தெரிந்துகொண்ட இடம், லே நகருக்குத் தென்கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹான்லே.

*

ஹான்லேயை நெல் நாட்டவருக்கு விவரிப்பது எளிதன்று. சுற்றிலும் பழுப்பு நிற மலைகள். நடுவே விரிந்த, மரமற்ற சமவெளி. ஓரத்தில் ஒரு குன்றின்மேல், லடாக்கின் அரசர் செங்கே நம்கியால் காலத்தில் எழுந்த புத்த மடாலயம். குமரகுருபரர் காசியில் மடம் நிறுவிய அதே பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது அது என்பதை எண்ணும்போது, கங்கைக் கரையிலும் சிந்து நாட்டின் மேல்முகட்டிலும் ஒரே காலத்தில் இரு அறநிலையங்கள் தோன்றிய ஒற்றுமை நெஞ்சில் நிலைக்கிறது. மடாலயத்துக்கு அருகே எழும் மலைக்குச் சரஸ்வதி என்று பெயரிட்டார்கள். உயரம் சுமார் 4,500 மீட்டர். ஆண்டு முழுவதும் மழையும் பனியுமாகப் பெய்வது பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. எங்கள் ஊரில் ஐப்பசியின் ஒரே அடைமழை நாளில் பெய்துவிடக்கூடிய அளவு அது. ஆண்டில் சுமார் 260 இரவுகள் விண்மீன்களின் நிறமாலையை ஆராய ஏற்றவை என்றும், அவற்றுள் சுமார் 190 இரவுகள் ஒளியின் அளவை நுட்பமாக நிறுக்கும் அளவுக்குத் தெளிந்தவை என்றும் கண்டறிந்தார்கள்.

ஆனால் விண்மீனுக்கு இனியதாக இருந்த இடம் மனித உடம்புக்கு இனியதாக இல்லை. மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. குளிர்காலத்து இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரிக்கும் இறங்கும். சமவெளியிலிருந்து செல்பவர் லே நகரில் சில நாட்கள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளாமல் மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பழகிய பின்னும் அவ்வுயரத்தில் தலை கனக்கும், உறக்கம் கலையும், கணக்குப் போடுகையில் பிழை நேரும். மூன்று இரவுகள் மட்டுமே தொலைநோக்கி ஒதுக்கப்பட்ட ஓர் ஆராய்ச்சி மாணவர், அதற்காகப் பதினைந்து நாட்கள் பிரயாணம் செய்து, தெளியாத மூளையோடு வானத்தைப் பார்ப்பது எத்தகைய விரயம்!

ஆகவே, மனிதன் கீழே இருக்க, கருவி மேலே இருக்கட்டும் என்ற எண்ணம் பிறந்தது. இதற்கு உலகில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1970 நவம்பரில் சோவியத் நாட்டு லூனோகோட் என்ற வண்டி சந்திரனில் இறங்கியபோது, கிரிமியாவில் திரையின்முன் அமர்ந்த ஓட்டுநர்கள் அதனை ஓட்டினார்கள். 1978 ஜனவரியில் வானில் ஏறிய சர்வதேசப் புறஊதாக் கதிர் ஆய்வுக்கலம், 45 சென்டிமீட்டர் ஆடியுடன் 18 ஆண்டுகள் பணி செய்தது. அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் இருந்த இரு நிலையங்களில் வானியலார் வந்து அமர்ந்து, தரையிலுள்ள தொலைநோக்கியைக் கையாளுவதுபோலவே அதனைக் கையாண்டார்கள். ஹவாய் தீவின் மௌன கியா உச்சியில், 4,200 மீட்டர் உயரத்தில் உள்ள கெக் தொலைநோக்கிகளை மலையடிவார ஊரான வைமியாவிலிருந்து இயக்கும் வழக்கம் 1990-களிலேயே வந்துவிட்டது. ஆனால் இடையே இமயமும் விந்தியமும் நிற்க, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு பெரிய தொலைநோக்கியை நடத்துவது நம் நாட்டுக்குப் புதிது.

*

கருவி 2 மீட்டர் விட்டமுள்ள ஆடி உடையது. அமெரிக்காவின் டூசான் நகரில் செய்யப்பட்டது. அதன் அமைப்பில் ஒரு நுட்பத்தை இங்கே விளக்கவேண்டும். காவலூரில் 1986-இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி, பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்த அச்சின்மேல் சுழல்வது. ஒரே ஒரு சுழற்சி, அதுவும் ஒரே சீரான வேகத்தில், விண்மீனைத் தொடரப் போதுமானது. ஹான்லேத் தொலைநோக்கியோ பீரங்கியைப் போலப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திரும்புவது. இரு அச்சுகளும் கணத்துக்குக் கணம் வேறுவேறு வேகத்தில் நகரவேண்டும். அதோடு பிம்பமே மெல்லச் சுழல்வதனால் அதனை எதிர்த்திசையில் திருப்பவும் வேண்டும். இதனை மனிதக் கை செய்ய இயலாது, கணிப்பொறியே செய்யவேண்டும். எனவே இந்தத் தொலைநோக்கி தோன்றும்போதே எண்களால் ஆளப்படும் பிறவியாகத் தோன்றியது. எண்கள் பக்கத்து அறையிலிருந்து வந்தாலும் பல நூறு காதங்களுக்கு அப்பாலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றே.

பனி உறையும் கணவாய்களைக் கடந்து, கோடைமாதங்களில் மட்டும் திறந்திருக்கும் பாதைகளில் இரும்பும் கண்ணாடியும் ஏறின. 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-27 நள்ளிரவில் சரஸ்வதி மலையின்மேல் முதல் விண்மீன் ஒளி அந்த ஆடியில் விழுந்தது. பெங்களூருக்கு வடகிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹொசகோட்டையில், அறிவியல் தொழில்நுட்ப ஆராய்ச்சி கல்வி மையம் என்ற பெயரில் கட்டுப்பாட்டு நிலையம் எழுந்தது. இன்சாட் செயற்கைக்கோள் வழியாக இவ்விரண்டையும் பிணைத்த தொடர்பை, 2001 ஜூன் 2-ஆம் நாள் அன்றைய ஜம்மு காஷ்மீர் முதலமைச்சர் பரூக் அப்துல்லா ஹொசகோட்டையில் தொடங்கிவைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் தொலைநோக்கியும் மையமும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. 2003 மே மாதத்திலிருந்து நாட்டின் எந்த ஆராய்ச்சியாளரும் விண்ணப்பித்துத் தம் இரவுகளைப் பெறலாம் என்ற நிலைமை உண்டாயிற்று.

அதற்கு இட்ட பெயர் இமாலய சந்திரா தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் பத்தொன்பது வயதில் கப்பலேறி, கடற்பயணத்தின்போதே விண்மீன்களின் மரணத்துக்கு ஓர் எல்லை கணித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. அவருடைய சிற்றப்பா ராமன் பிறந்தது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள திருவானைக்காவில். எங்கள் ஊரும் அதே இரு ஆறுகளுக்கு இடைப்பட்டது என்பதனால், அந்தப் பெயரை எழுதும்போது என் பேனா சற்றே நிதானிக்கிறது.

*

ஹொசகோட்டையில் ஓர் இரவு எவ்வாறு கழிகிறது என்பதைச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு முற்றுப்பெறாது. மாலை மங்கும் முன்பே வானியலார் கட்டுப்பாட்டு அறைக்கு வந்துவிடுகிறார். முன்னே வரிசையாகத் திரைகள். ஒன்றில் ஹான்லேயின் காற்று வேகமும் ஈரப்பதமும். ஒன்றில் தொலைநோக்கியின் திசை. ஒன்றில் ஒளிப்படக் கருவியின் நிலை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தாரின் கூட்டுறவோடு உருவான மங்கலொளி நிறமாலைக் கருவி அங்கே முதன்மையானது. படம் எடுக்கவும், ஒளியை நிறமாலையாகப் பிரிக்கவும் வல்லது. அந்திவானம் இன்னும் வெளுத்திருக்கும்போதே அதன் சீரான வெளிச்சத்தைப் படமெடுத்து வைக்கிறார்கள். கருவியின் எந்தப் புள்ளி எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதை அளக்கும் உரைகல் அதுவே. பிறகு பிரகாசம் முன்பே தெரிந்த விண்மீன் ஒன்றைப் பார்த்து அளவுகோலை நிலைநிறுத்துகிறார்கள். அதன் பின்னரே, எதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தாரோ அந்தப் பொருளை நோக்கித் தொலைநோக்கி திரும்புகிறது.

அவர் விசையைத் தட்டியதும் ஆணை பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து ஹான்லேயில் இறங்குகிறது. ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்குக் கால் விநாடி ஆகும். ஆணை நிறைவேறிற்று என்ற செய்தி திரும்ப மற்றொரு கால் விநாடி. இந்த அரை விநாடி சிறிதுதான். ஆனாலும் விண்மீனைக் கணந்தோறும் பின்தொடர்கிற நுண்ணிய வேலையை ஹொசகோட்டை மேற்கொள்வதில்லை. அதனை ஹான்லேயில் உள்ள கணிப்பொறியே, வழிகாட்டி விண்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டே செய்துகொள்கிறது. எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானிப்பது தூரத்திலுள்ள மனிதனின் பொறுப்பு. மேட்டூரில் இருப்பவர் ஒவ்வொரு வாய்க்கால் மதகையும் தாமே திருப்ப முனையமாட்டார் அல்லவா? எந்தத் தீர்மானம் எங்கே எடுக்கப்படவேண்டும் என்று பகுத்து வைப்பதே தூர நிர்வாகத்தின் விவேகம்.

மனிதக் கண் இல்லாத இடத்தில் ஐயம் மிகும். படத்தில் விண்மீன் சற்றே நீண்டு தெரிந்தால், அது காற்றின் அசைவா, குவியம் பிசகியதா, தொடர்தலில் பிழையா என்பதை அருகிலிருப்பவர் ஒரு நொடியில் அறிவார். தூரத்திலிருப்பவரோ எண்களைப் பார்த்து ஊகிக்கவேண்டும். வானில் மெல்லிய மேகம் படர்கிறதா என்பதை நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள ஹொசகோட்டையில் வழி இல்லை. அங்குள்ள வானம் வேறு. அங்கே மழையே பெய்துகொண்டிருக்கலாம், ஹான்லேயில் வானம் பளிங்காக இருக்கலாம். அப்போது வானியலார் தொலைபேசியை எடுக்கிறார். மறு முனையில் ஒரு குரல் பதில் சொல்கிறது.

இந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

*

தொலைவிலிருந்து இயங்கும் தொலைநோக்கி என்றதும் மலையுச்சியில் ஒருவருமே இல்லை என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். அது தவறு. ஹான்லேயில் பொறியாளர்களும் உதவியாளர்களும் ஆண்டு முழுவதும் முறைவைத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் லடாக்கின் மண்ணில் பிறந்தவர்கள் பலர். ஒளிப்படக் கருவியின் சில்லு வெப்பத்தால் பொய்த்தோற்றம் காட்டாதிருக்க, அதனைக் கடுங்குளிரில் வைக்கவேண்டும். அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் உள்ள அந்தத் திரவத்தை, தம்மைச் சுற்றிலும் பனி உறைந்து கிடக்கையில், கலத்தில் ஊற்றி நிரப்புகிறவர் ஒரு மனிதர். மின்கம்பிகள் எட்டாதிருந்த இடத்தில் சூரிய மின்தகடுகளைத் துடைத்து, மின்கலங்களைக் காத்து, எண்ணெய் யந்திரத்தைக் குளிரில் உயிர்ப்பித்து வைத்தவர்கள் மனிதர்கள். காற்று திடீரென்று மூர்க்கமாக எழும்போது, கோபுரத்தின் கதவு மூடியதா என்று நேரில் பார்த்துச் சொல்கிறவரும் ஒரு மனிதரே. ஆராய்ச்சிக் கட்டுரையில் விண்மீனின் பெயர் இருக்கும், வானியலாரின் பெயர் இருக்கும். நைட்ரஜன் ஊற்றியவருக்கு இறுதியில் ஒரு வரி நன்றியே கிடைக்கும். எங்கள் மதகுகளில் இரவெல்லாம் லாந்தரோடு நின்ற லஸ்கர்களுக்கு அந்த ஒரு வரியும் கிடைத்ததில்லை என்பதனால், அந்த வரியின் மதிப்பை நான் அறிவேன்.

தூரம் ஒழிந்துவிட்டது என்று சொல்வது இக்காலத்து வழக்கம். என் கருத்து சற்று மாறானது. தூரம் ஒழியவில்லை, அதனை ஒருவர் நம் பொருட்டுத் தம் தோளில் சுமக்கிறார். ஹொசகோட்டையில் அமர்ந்தவர் சுகமாக மூச்சு விடுவதற்காக, ஹான்லேயில் ஒருவர் குறைந்த மூச்சோடு விழித்திருக்கிறார். குங்கிலியக் கலயரின் கயிற்றைப் போல, இந்தக் கயிற்றின் முனையிலும் ஒரு மனிதக் கழுத்து இருக்கிறது.

*

இந்த ஏற்பாட்டால் விளைந்த பயன் யாது என்று கேட்பவருக்கு ஓர் உதாரணம் போதும். 2023 மே 19-ஆம் நாள், ஜப்பானைச் சேர்ந்த கோய்ச்சி இட்டகாகி என்னும் விண்மீன் வேட்டைக்காரர், சுமார் இரண்டு கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள எம்101 என்ற சுருள் மண்டலத்தில் புதிய ஒளி ஒன்றைக் கண்டார். பெருவிண்மீன் ஒன்று வெடித்துச் சிதறியது. எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்று அதற்குப் பெயர். வெடிப்பின் முதல் நாட்களில் ஒளி மணிக்கு மணி மாறும். அப்போது கருவியிடம் போய்ச் சேரப் பிரயாணம் தொடங்கினால், போய்ச் சேருமுன் கதை முடிந்துவிடும். இந்திய வானியலார் பயணப்படவில்லை. ஹொசகோட்டையிலிருந்து இமாலய சந்திரா தொலைநோக்கியைத் திருப்பினார்கள். அதற்கு அண்டையில், 2018-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து நிறுவிய, மனிதக் கை படாமலே தானாக இயங்கும் 70 சென்டிமீட்டர் குரோத்-இந்தியா தொலைநோக்கியும் அதனை நோக்கியது. 2015 முதல் பூமியைச் சுற்றிவரும் அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியும் அதே ஒளியைப் பார்த்தது. இவ்வாறு புறஊதா முதல் அகச்சிவப்பு வரை ஒரே மரணத்தை மூன்று கண்கள் கண்டன. மூன்றும் தூரத்திலிருந்து ஆளப்படுபவை.

இதில் எனக்கு மெய்சிலிர்ப்பைத் தருவது ஒன்று உண்டு. அத்தகைய பெருவிண்மீனின் இரும்புக் கரு, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்ற எல்லையைத் தாண்டும்போது தன் பாரத்தைத் தானே தாங்க இயலாமல் நொறுங்குகிறது. அந்த எல்லையைத்தான் பத்தொன்பது வயது இளைஞர் கப்பலில் கணித்தார். அவர் பெயர் தாங்கிய ஆடியில், அவர் கணித்த எல்லையைத் தாண்டி மாய்ந்த விண்மீனின் ஒளி வந்து விழுந்தது.

ஹான்லேயின் இருளைக் காக்கும் பொறுப்பிலும் அவ்வூர் மக்களே முன்னிற்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. 2022 டிசம்பரில் லடாக் நிர்வாகம் தொலைநோக்கியைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை இருள்வானக் காப்பகமாக அறிவித்தது. அங்குள்ள கிராமத்தவருக்குச் சிறு தொலைநோக்கிகள் வழங்கி, வருவோர்க்கு வானத்தைக் காட்டப் பயிற்சியும் அளித்தார்கள். வேற்று விளக்கொளி தொலைநோக்கியின் பார்வையைக் கெடுக்காதபடி தங்கள் வீட்டு விளக்குகளை மறைத்துக்கொள்ளும் அந்தக் குடும்பங்கள், விஞ்ஞானத்துக்குச் செய்யும் தொண்டு சிறிதன்று.

*

முடிக்குமுன் ஒரு சிறு கணக்கு. ஹான்லேயின் தீர்க்கரேகை 78 பாகையும் 58 கலையும். காவலூருடையது 78 பாகையும் 50 கலையும். வேறு எந்த முகாந்தரத்துக்காகவோ தேர்ந்த இவ்விரு இடங்களும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்தன. திருப்பனந்தாள் அதற்குச் சுமார் அரைப் பாகை கிழக்கே இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம் ஆகும். ஆகவே எங்கள் கோயிலின் மேலே நடுவானக் கோட்டைக் கடக்கும் ஒரு விண்மீன், இரண்டு நிமிஷம் கழித்து ஹான்லேயின் நடுவானத்தைக் கடக்கிறது. இடையே 2,400 கிலோமீட்டர் நிலப்பரப்பு.

கார்த்திகை மாதத்தில் மழை விட்டு வானம் வெளுக்கும் அபூர்வமான இரவுகளில், சன்னதித் தெருவில் நின்று நிமிர்ந்து பார்க்கையில் இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது. தலைக்குமேல் கடந்த மீன் இன்னும் இரண்டு நிமிஷத்தில் சரஸ்வதி மலையின் உச்சிக்கோட்டை எட்டும். அங்கே ஒருவர் கம்பளிக்குள் ஒடுங்கி, காற்றைக் கூர்ந்து கேட்டபடி, ஹொசகோட்டையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்பார். வானம் எப்படி இருக்கிறது என்று தெற்கிலிருந்து கேட்பார்கள். வெளியே போய், நிமிர்ந்து பார்த்து, தெளிவாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகே கதவு திறக்கும்.

அடுத்த அத்தியாயத்தில், பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனை நோக்கும் ஆதித்யாவையும், அதன் முதன்மைக் கருவி இதே ஹொசகோட்டை வளாகத்தில் உருவான வரலாற்றையும் காண்போம்.

(தொடரும்)